ஒற்றை விரலில் ஓடும் குதிரை

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலைத்தான் தரையில் ஊன்றுகிறது. குளம்பு என்பது அந்த விரலின் நகம். மனிதக் கையில் நடுவிரல் மட்டும் தடித்து நீண்டு, மற்ற நான்கும் மறைந்துபோய், அந்த ஒற்றை விரலின் நுனியில் உடல் முழுவதும் நின்றால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் குதிரை நிற்கிறது. 400, 500 கிலோ எடையுள்ள ஒரு விலங்கு நான்கு நகங்களின் மேல் நிற்கிறது, நடக்கிறது, பாய்கிறது. மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும். அது இரண்டு விரல். ஆட்டுக்கும் மானுக்கும் அப்படியே. குதிரையின் குளம்பில் பிளவு கிடையாது. ஈரமண்ணில் பதிந்த தடம் முழு வளையமாக இருந்தால் அந்த வழியே போனது குதிரையோ கழுதையோதான்.

இந்த ஒற்றை விரல் எப்படி வந்தது என்பது நீண்ட கதை. சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் குதிரையின் மூதாதை நரி அளவே இருந்தது. முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் மூன்று விரல். வட அமெரிக்கக் காடுகளின் ஈரத்தரையில் நடந்து, மென்மையான இலைகளைத் தின்று வாழ்ந்தது. பிறகு பூமியின் தட்பவெப்பம் மாறியது. காடுகள் சுருங்கின, புல்வெளிகள் பரந்தன. புல்வெளியில் ஒளிந்துகொள்ள மரம் இல்லை. எதிரியைத் தொலைவிலேயே கண்டு ஓடியவை பிழைத்தன. இறுகிய தரையில் விரைந்து ஓடப் பல விரல்கள் சுமையாயின. தலைமுறை தலைமுறையாக ஓர விரல்கள் சிறுத்து, நடுவிரல் வலுத்தது. மறைந்த விரல்களின் மிச்சம் இன்றும் இருக்கிறது: குதிரையின் கால் எலும்பின் இரு பக்கமும் குச்சி போன்ற இரண்டு மெல்லிய எலும்புகள் ஒட்டியிருக்கின்றன.

குதிரைக்குக் கொம்பு இல்லை. பிடித்துக் கிழிக்கும் நகம் இல்லை. வழியில்லாதபோது உதைக்கும், கடிக்கும். ஆனால் அதன் முதல் வழி ஓட்டம். கண், காது, வயிறு, தூக்கம், குட்டி பிறக்கும் விதம் என்று குதிரையைப் பற்றிய எதைக் கேட்டாலும், விடை பெரும்பாலும் அங்கேதான் போய் முடியும்.

காலும் குளம்பும்

குதிரையின் காலைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். முன்னங்காலின் நடுவில் முழங்கால் போலத் தெரிவது உண்மையில் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்னோக்கித் துருத்தி நிற்கும் மூட்டு குதிகால். அசல் முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. மணிக்கட்டுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பும் தசைநாணும் தோலும்தான். தசைகள் எல்லாம் தோளிலும் தொடையிலும் திரண்டிருக்கின்றன. நுனி கனத்த உலக்கையை வீசுவதைவிட மூங்கில் கழியை வீசுவது எளிது. அதுபோல நுனி இலேசான காலை முன்னும் பின்னும் வேகமாக வீச முடிகிறது. தசைநாண்கள் ரப்பர் பட்டை போல இழுபட்டுச் சுருங்கி, ஒவ்வொரு அடியிலும் செலவான ஆற்றலில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றன.

குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். புல்வெளியில் திரியும் குதிரைக்கு வளர்வதும் தேய்வதும் சரியாகிவிடும். கல்லும் தாருமான சாலையில் வண்டி இழுக்கும் குதிரைக்கு வளர்வதைவிடத் தேய்வது அதிகம். அதனால்தான் லாடம். ஆணி அடிப்பதைப் பார்க்கும் குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் குளம்பின் வெளிச்சுவர் உணர்ச்சியற்றது. நகம் வெட்டினால் வலிக்காதது போல அங்கே ஆணி இறங்கினாலும் வலிக்காது. ஆணி சிறிது உள்ளே சாய்ந்தால் உணர்ச்சியுள்ள பகுதியில் பட்டு நொண்டும். ஆகவே லாடம் அடிப்பது கைத்தேர்ச்சி வேண்டும் தொழில். குளம்பின் அடிப்பக்கத்தில் முக்கோண வடிவில் மெத்தென்ற ஒரு பகுதி உண்டு. கால் ஊன்றும்போது அது அமுங்கி அதிர்ச்சியைத் தாங்குகிறது. கீழே இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளவும் உதவுகிறது.

நடையும் பாய்ச்சலும்

குதிரையின் நடையைக் காதால் கேட்டே பிரித்தறியலாம். மெதுவாக நடக்கும்போது நான்கு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழும். நான்கு தட்டு கேட்கும். மணிக்கு 6, 7 கிலோமீட்டர் போகும். சற்று விரைந்தால் குறுக்குக் கால்கள் இணைந்துகொள்ளும்: இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் ஒன்றாக, பிறகு மற்ற இரண்டும் ஒன்றாக. அப்போது இரண்டே தட்டு. ஜட்கா வண்டிக் குதிரையின் டக் டக் ஓசை இதுதான். இன்னும் விரைந்தால் மூன்று தட்டு. கடைசியில் நாலுகால் பாய்ச்சல். அதில் மணிக்கு 40, 50 கிலோமீட்டர் சாதாரணம்; பந்தயக் குதிரைகள் சிறிது தூரத்துக்கு 70 கிலோமீட்டர் வரை எட்டும். பழைய தமிழ் நூல்களும் குதிரையின் ஓட்டத்தை ஐந்து கதியாகப் பிரித்தன. மயிலின் பெயராலும் குரங்கின் பெயராலும் அவற்றுள் சில வழங்கின.

பாய்ந்து ஓடும்போது நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்ற கேள்விக்கு நெடுங்காலம் விடை தெரியவில்லை. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத வேகம் அது. ஓவியர்கள் குதிரையின் முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னும் நீட்டி, அந்தரத்தில் பறப்பதுபோல வரைந்தார்கள். 1878 ஜூன் மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பாலோ ஆல்டோ என்னும் இடத்தில், எட்வியர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் ஓடுபாதையின் ஓரமாகக் கேமராக்களை வரிசையாக வைத்தார். பாதையின் குறுக்கே நூல்களைக் கட்டினார். குதிரை ஓடும்போது ஒவ்வொரு நூலாக இழுபட, ஒவ்வொரு கேமராவும் படம் எடுத்தது. விடை கிடைத்தது: நான்கு கால்களும் எழுகின்றன. ஆனால் ஓவியர்கள் நினைத்த நேரத்தில் அல்ல. கால்கள் வயிற்றுக்கு அடியில் ஒன்றுசேர்ந்து மடங்கியிருக்கும் நொடியில்தான் குதிரை காற்றில் இருக்கிறது. அந்தப் படங்கள் பின்னாளில் சினிமா பிறக்கவும் வழி திறந்தன. குதிரையின் கால் பற்றிய ஒரு கேள்வி சினிமாக் கொட்டகை வரை கொண்டுவந்து விட்டது வியப்புக்குரியது.

ஓட்டத்துக்குக் காற்று வேண்டும். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும். நாய் போல வாயைத் திறந்து இரைக்க அதனால் முடியாது. அதனால் ஓடும்போது நாசித்துளைகள் அகல விரியும். நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று கணக்காக நடக்கும். இதயத்தின் எடை ஏறத்தாழ 4 கிலோ. ஓய்வில் நிமிடத்துக்கு 30, 40 முறை துடிப்பது, முழு ஓட்டத்தில் 200-ஐத் தாண்டும். மண்ணீரல் சிவப்பணுக்களைச் சேமித்து வைத்திருக்கும். ஓடத் தொடங்கியதும் அவற்றை இரத்தத்தில் கலக்கிவிடும். சூடேறிய உடல் தணிய வியர்வையும் பெருகும். அந்த வியர்வையில் லாதரின் என்ற புரதம் இருப்பதால், சேணமும் வாரும் உராயும் இடங்களில் சோப்பு போட்டது போல வெள்ளையாக நுரைக்கும்.

பார்வை, செவி, தூக்கம்

நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண் உடையவற்றுள் குதிரையும் ஒன்று. யானையின் கண்ணைவிடக் குதிரையின் கண் பெரியது. தலையின் இரு பக்கமும் கண்கள் அமைந்திருப்பதால், புல் மேய்ந்துகொண்டே தலையைத் திருப்பாமல் தன்னைச் சுற்றி ஏறத்தாழ முழு வட்டத்தையும் பார்த்துவிடும். தெரியாத இடங்கள் இரண்டு: நெற்றிக்கும் மூக்குக்கும் நேர் முன்னே மிக அருகில் இருக்கும் சிறு பகுதி, வாலுக்கு நேர் பின்னால் உள்ள பகுதி. தன் வாய்க்கு அருகில் வரும் தீனியைக் குதிரை பார்ப்பதில்லை. உதட்டாலும் மீசை மயிராலும் தடவித் தெரிந்துகொள்கிறது. நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது. இருட்டில் மனிதரைவிட நன்றாகப் பார்க்கும்.

நேராக மட்டும் பார்த்துப் போகிறவரைக் கடிவாளம் போட்ட குதிரை என்று சொல்வது வழக்கம். பார்வையை மறைப்பது கடிவாளம் அல்ல. கண்களின் ஓரத்தில் கட்டும் பட்டைதான் பக்கப் பார்வையை மறைக்கிறது. பின்னால் வரும் லாரியையோ பறக்கும் காகிதத்தையோ கண்டு வண்டிக் குதிரை மிரளாமல் இருக்க அந்தப் பட்டையைக் கட்டுகிறார்கள். காகிதத்துக்குப் போய் இவ்வளவு பெரிய விலங்கு பயப்படுகிறதே என்று சிரிக்கக் கூடாது. புல் அசைந்தபோது காற்றா ஓநாயா என்று நின்று யோசித்த குதிரைகள் குட்டி போடும் வயதுவரை பிழைத்திருக்கவில்லை.

காதுகள் இரண்டும் தனித்தனியே திரும்பும். ஒன்று முன்னால் கேட்க, மற்றொன்று பின்னால் கேட்கும். குதிரையின் மனநிலையைச் சொல்வதும் காதுதான். காதுகள் முன்னோக்கி நிமிர்ந்தால் எதையோ கவனிக்கிறது. பக்கவாட்டில் தளர்ந்து தொங்கினால் அமைதியாக இருக்கிறது. பிடரியோடு ஒட்டிப் பின்னால் படிந்தால் கோபத்தில் இருக்கிறது, விலகிவிட வேண்டும்.

குதிரைக்கு அருகில் செல்லும் குழந்தை தெரிந்திருக்க வேண்டிய முறை இதிலிருந்தே வருகிறது. பின்பக்கமாகப் போகக் கூடாது. தெரியாத இடத்திலிருந்து எதுவோ தொட்டால் குதிரை உதைக்கும், அந்த உதை எலும்பை முறிக்கும். குதிரைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அவர் பக்கத்தில் இருக்கும்போது, குதிரை பார்க்கும்படி தோள் பக்கமாக மெல்லப் போக வேண்டும். போகும்போதே தாழ்ந்த குரலில் பேசுவது நல்லது. முதலில் தொட வேண்டிய இடம் கழுத்து அல்லது தோள். தீனி கொடுப்பதானால் விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைத் தட்டு போல விரித்து, அதன்மேல் வைத்து நீட்ட வேண்டும். விரலால் பிடித்து நீட்டினால், கேரட் எது விரல் எது என்று அதற்குத் தெரியாது.

குதிரை நின்றபடியே உறங்கும். கால் மூட்டுகளைத் தசைநாண்களாலும் பிணைப்பு நார்களாலும் பூட்டிக்கொள்வதால் தசைகளுக்கு வேலையில்லை, விழாமல் நிற்கும். படுத்திருக்கும் 500 கிலோ உடல் எழுந்து ஓட நேரமாகும். நின்றபடி கண்ணயர்ந்தால் அந்த நேரம் மிச்சம். என்றாலும் ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் மொத்தத் தூக்கம் 3 மணி நேரம் போல. அதுவும் துண்டு துண்டாக. கூட்டத்தில் சில படுத்துறங்கும்போது ஒன்றாவது விழித்து நிற்கும்.

புல்லும் கொள்ளும்

மாடு அவசரமாக மேய்ந்துவிட்டு நிழலில் உட்கார்ந்து அசைபோடும். குதிரை அசைபோடுவதில்லை. அதற்கு ஒரே அறையுள்ள, உடலுக்குப் பொருந்தாத சிறிய இரைப்பை. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். புல்லின் நாரைச் செரிக்கும் வேலை பின்னால் நடக்கிறது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. அங்கே வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் நாரை நொதிக்க வைத்துச் சத்தாக மாற்றுகின்றன. மாட்டின் வயிறு போல இந்த முறை புல்லை முழுதாகப் பிழிந்தெடுப்பதில்லை. அதனால் குதிரை கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுதும், இரவிலும் மேய்ந்துகொண்டே இருக்கும். குதிரைச் சாணத்தில் நார் நாராகத் தெரிவதும் இதனால்தான்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் உள்ள தசை வளையம் அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போனது திரும்பி வராது. பூசணம் பிடித்த தீனியோ அளவு மீறிய தானியமோ தின்றுவிட்டால் வயிறு உப்பி, வலியால் தரையில் புரளும். குதிரை வளர்ப்பவர்கள் மிகவும் அஞ்சும் நோய் இந்த வயிற்றுவலிதான். கவனிக்காவிட்டால் உயிர் போகும். கொள்ளு, குதிரைக்கு ஏற்ற தீனியாகத் தமிழகத்தில் பேர் பெற்றது. உழைக்கும் குதிரைக்கு அதை ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுப்பார்கள். ஆங்கிலத்திலும் கொள்ளுக்குக் குதிரையின் பெயரையே சேர்த்து வழங்குகிறார்கள். ஆனால் கொள்ளு மட்டும் கொடுத்துப் புல் கொடுக்காமல் விட்டால் குடல் கெடும். தண்ணீர் ஒரு நாளைக்கு 25 முதல் 45 லிட்டர் வரை வேண்டும். கோடையில் இன்னும் அதிகம்.

புல்லில் மணல் போன்ற சிலிக்கா இருக்கிறது. அது பல்லைத் தேய்க்கும். அதற்கு ஈடுகட்டும்படி குதிரையின் பற்கள் நீளமாக ஈறுக்குள் புதைந்திருந்து, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வெளியே வருகின்றன. தேய்மானத்தையும் பல்லின் சாய்வையும் பார்த்து வயதைக் கணிக்கலாம். சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பது போலவே குதிரையையும் பார்ப்பார்கள். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி ஒன்று உண்டு. கடிவாளத்தின் இரும்பு அந்த இடத்தில்தான் உட்காருகிறது. அந்த இடைவெளி இல்லாமலிருந்தால் குதிரை வாயில் கடிவாளமே தங்கியிருக்காது. மனிதர் குதிரையை வழிநடத்திய வரலாறு வேறாக இருந்திருக்கும்.

குட்டியும் கூட்டமும்

பெண் குதிரை ஏறத்தாழ 11 மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியை, பெரும்பாலும் இரவில் ஈனும். பிறக்கும் குட்டியின் குளம்புகளில் மென்மையான உறை ஒன்று இருக்கும். தாயின் வயிறு கிழிபடாமல் காப்பது அதுதான். எழுந்து நடந்ததும் அது உதிர்ந்துவிடும். குட்டி பிறந்த ஒரு மணி நேரத்தில், கூடிப்போனால் இரண்டு மணி நேரத்தில், தள்ளாடி எழுந்து நிற்கும், பால் குடிக்கும், மறுநாள் தாயோடு ஓடும். உடலுக்குப் பொருந்தாமல் கால்கள் மட்டும் நெடுநெடுவென்று இருக்கும். வேட்டை விலங்கின் குட்டிகள் கண் திறக்காமல் குகையில் கிடக்கலாம். திறந்த வெளியில் பிறக்கும் குட்டிக்கு அந்த வசதி இல்லை. நன்றாகப் பராமரித்தால் குதிரை 25, 30 ஆண்டு வாழும்.

வெள்ளைக் குதிரை என்று பார்ப்பவற்றில் பெரும்பாலானவை வெள்ளையாகப் பிறந்தவை அல்ல. கருப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, ஆண்டுக்கு ஆண்டு மயிர் நரைத்து வெளுத்தவை. மயிருக்கு அடியில் தோல் கருப்பாகவே இருக்கும்.

கட்டுப்பாடில்லாமல் திரியும் குதிரைகள் கூட்டமாக வாழும்: ஓர் ஆண், சில பெண் குதிரைகள், அவற்றின் குட்டிகள். எங்கே மேய்வது, எப்போது தண்ணீருக்குப் போவது என்பதில் பெரும்பாலும் வயதான பெண் குதிரை முன்னே நடக்கும். வளர்ந்த இளம் ஆண்கள் பிரிந்து தனிக் கூட்டமாகத் திரியும். ஒன்றையொன்று பார்த்து நின்று கழுத்தையும் முதுகையும் பல்லால் சொறிந்துவிடுவது நட்பின் அடையாளம். கூட்டத்தை விட்டுப் பிரிந்தால் உரக்கக் கனைக்கும். லாயத்தில் குதிரையைத் தனியாகக் கட்டி வைப்பது அதற்குப் பெருந்துன்பம். துணைக்கு ஓர் ஆடாவது இருந்தால் அமைதியாகும்.

உடன் வாழ்பவரின் உடலசைவைக் கவனிப்பதில் குதிரைக்கு நிகர் குறைவு. ஜெர்மனியில் பெர்லின் நகரில், 1900-க்குப் பிந்தைய ஆண்டுகளில், ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் புகழ் பெற்றது. ஐந்தும் மூன்றும் எத்தனை என்று கேட்டால் குளம்பால் எட்டு முறை தட்டும். அதன் உரிமையாளர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் ஏமாற்றவும் இல்லை. 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் உண்மையைக் கண்டுபிடித்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸும் தவறாகத் தட்டியது. விடை தெரிந்தவர் சரியான எண் வந்ததும் தம்மை அறியாமல் தலையை மிகச் சிறிது அசைப்பார். ஹான்ஸ் அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தும். குதிரைக்குக் கணக்குத் தெரியவில்லை. ஆனால் கூடியிருந்த அறிஞர்கள் யாரும் காணாத அசைவை அது கண்டது. அதுவும் சிறிய திறமை அல்ல.

உறவினர்

கழுதையும் வரிக்குதிரையும் குதிரையின் நெருங்கிய உறவுகள். காண்டாமிருகமும் தாபிர் என்ற விலங்கும் தூரத்து உறவு. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. கோவேறு கழுதைக்கு நடுவில் 63. ஒற்றைப்படையாகப் போவதால் இணை சேராமல், அதற்குப் பெரும்பாலும் குட்டி பிறப்பதில்லை. ஆனால் பாறைச் சரிவில் சுமை ஏற்றிச் செல்ல அதைவிட நம்பகமான விலங்கு இல்லை. இமயமலையின் உயரத்தில் இந்திய ராணுவத்துக்குச் சுமை தூக்கியது அதுவே. மங்கோலியாவில் தாகி என்ற காட்டுக்குதிரை இருக்கிறது. குட்டையான உடல், விறைத்து நிற்கும் பிடரி மயிர். 1960-களின் இறுதியில் காட்டில் அது அற்றுப்போனது. மிருகக்காட்சிச் சாலைகளில் பிழைத்திருந்தவற்றை இனம் பெருக்கி, 1992 முதல் மீண்டும் மங்கோலியப் புல்வெளியில் விட்டார்கள். இன்று அங்கே அவை தாமாகக் குட்டி போட்டு வாழ்கின்றன.

மனிதரிடம் வந்தது

மனிதர் குதிரையைப் பழக்கியது நாய், ஆடு, மாடு எல்லாவற்றுக்கும் பிறகு. இன்று உலகெங்கும் உள்ள வளர்ப்புக் குதிரைகளின் முன்னோர், கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கே, வோல்கா, டான் ஆறுகள் பாயும் புல்வெளியில் ஏறத்தாழ 4200 ஆண்டுகளுக்கு முன் பெருகியவை என்று 2021-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சில நூற்றாண்டுகளிலேயே அவை ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் பரவின. ஆரக்கால் வைத்த இலேசான தேர் முதலில் வந்தது. முதுகில் ஏறிப் போரிடும் படைகள் பின்னால் வந்தன. குதிரைமேல் உறுதியாக உட்காரக் காலுக்குப் பிடிப்பு வேண்டும். செருப்பில்லாமல் வெறுங்காலோடு குதிரையேறிய இந்தியாவில் பெருவிரலை மட்டும் நுழைக்கும் வளையம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. பாதம் முழுவதையும் தாங்கும் இரும்பு அங்கவடி சீனத்தில் வளர்ந்து மேற்கே போனது.

வட அமெரிக்காவில் தோன்றிய குதிரை, அங்கேயே சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயிருந்தது. அதற்கு முன்பே நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்குள் வந்தவற்றால்தான் இனம் பிழைத்தது. 1493-இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் குதிரைகள் கப்பலேறிக் கரீபியன் தீவுகளுக்குப் போயின. 1519-இல் மெக்சிகோவில் இறங்கின. சினிமாவில் அமெரிக்கப் பழங்குடியினர் ஓட்டிவரும் குதிரைகள் எல்லாம் அப்படிப் போனவற்றின் வழியில் வந்தவை.

தமிழ்நாட்டுக்கும் குதிரை பெரும்பாலும் கடல்வழியே வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கப்பலில் குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரேபிய, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் பெரும் விலைக்கு வாங்கப்பட்டதையும், பராமரிக்கத் தெரிந்த ஆளில்லாமல் அவற்றில் பல இறந்துபோனதையும் எழுதி வைத்தார். வறண்ட புல்வெளியின் விலங்குக்கு ஈரமும் வெப்பமும் சேர்ந்த கடற்கரை ஒத்துக்கொள்ளாதது வியப்பல்ல. குதிரை வாங்க அரசன் கொடுத்தனுப்பிய பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்ட அமைச்சர் மாணிக்கவாசகர் கதையும், நரி பரியான திருவிளையாடலும் மதுரைக் குழந்தைகள் அறிந்தவை. அமைச்சரே நேரில் போய் வாங்கும் அளவுக்குக் குதிரை உயர்ந்த பொருளாக இருந்தது என்பது அந்தக் கதையில் பொதிந்திருக்கும் செய்தி. பரி, புரவி, இவுளி, மா என்று தமிழில் குதிரைக்குப் பெயர்கள் பல. திருவரங்கம் கோயிலின் சேஷராயர் மண்டபத் தூண்களில் கால் தூக்கி நிற்பவை கற்குதிரைகள். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து அய்யனார் கோயில்களில் வரிசையாக நிற்பவை வேளார் கையால் சுட்டெடுத்த மண்குதிரைகள். உயிருள்ள குதிரையைப் பார்த்திராத ஊரிலும் மண்குதிரை நின்றது.

இனங்களில் பெரியது சிறியது பல உண்டு. இங்கிலாந்தின் ஷயர் ஒரு டன் எடையை நெருங்கும். அர்ஜென்டினாவின் ஃபலபெல்லா ஒரு பெரிய நாயின் உயரமே இருக்கும். தோள் உயரம் சுமார் 148 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மட்டக்குதிரை. ராஜஸ்தானின் மார்வாரி, குஜராத்தின் கத்தியவாரி இரண்டுக்கும் காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும். வேறு எந்த அடையாளமும் பார்க்க வேண்டியதில்லை. மணிப்பூரின் மட்டக்குதிரைமேல் ஆடிய ஆட்டத்தைக் கண்டுதான் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் போலோவைக் கற்றுக்கொண்டார்கள்.

கிணற்றடியில் ஓடும் 5 எச்.பி. மோட்டாரிலும் குதிரை இருக்கிறது. எச்.பி. என்பது குதிரைத்திறன். நீராவி இயந்திரம் விற்ற ஜேம்ஸ் வாட், தம் இயந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குபவருக்கு விளக்க இந்த அளவைக் கணித்தார். ஒரு குதிரைத்திறன் 746 வாட். சுமார் 76 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் வேலை. நல்ல குதிரை ஒன்று சில நொடிகளுக்கு இதைப்போலப் பல மடங்கு திறன் காட்டும்.

இன்றைய குதிரை

வண்டியும் போரும் போனபின் குதிரைக்கு எஞ்சிய வேலைகளில் ஒன்று உயிர்காப்பது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடித்தவருக்கு மருத்துவமனையில் ஏற்றும் நச்சுமுறி மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து வருகிறது. பாம்பின் நஞ்சை மிகச் சிறிய அளவில், நாள் இடைவெளி விட்டு, அளவைக் கூட்டிக் கூட்டிக் குதிரைக்குச் செலுத்துவார்கள். அதன் உடல் நஞ்சை எதிர்க்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கும். பிறகு இரத்தத்தை எடுத்து, எதிர்ப்பொருள் உள்ள நீர்ப்பகுதியைப் பிரித்துத் தூய்மை செய்வார்கள். சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பிச் செலுத்துவதும் உண்டு. பெரிய உடலும் நிறைய இரத்தமும் இருப்பதால்தான் இந்த வேலைக்குக் குதிரை. மருந்து நிறுவனங்களுக்கு வேண்டிய நஞ்சைச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் உள்ள, 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. வயலில் கடிபட்டு இந்த மருந்தால் பிழைத்து வந்த ஒவ்வொருவர் உடம்பிலும் ஏதோ ஒரு குதிரை தந்தது ஓடியிருக்கிறது.

தமிழ்க் குழந்தைகள் குதிரையைப் பார்க்க மெரினா கடற்கரையும் கொடைக்கானல் ஏரிக்கரையும் இருக்கின்றன. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவின்போது கூடும் சந்தையில் பல இனக் குதிரைகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். சேணமும் கடிவாளமும் இல்லாத குதிரையைப் பார்க்க வேண்டுமானால் கோடியக்கரைக்குப் போக வேண்டும். அங்கே சரணாலயத்தில் வெளிமான்களோடு மட்டக்குதிரைகளும் மேய்கின்றன. கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவிலும் அத்தகைய கூட்டங்கள் உண்டு. போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் அந்தத் தீவில் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை அவை. வறட்சியில் தண்ணீருக்கு அலைகின்றன. மழை பெய்ததும் பவளக்கல் வேலிகளுக்கு நடுவே முளைக்கும் புல்லைத் தேடிப் போகின்றன. யாரும் பழக்காத இந்தக் குதிரைகளிடம் பழைய புல்வெளியின் வழக்கம் அப்படியே இருக்கிறது: மேயும்போது ஒன்று தலை தூக்கி நிற்கும், ஆள் நெருங்கினால் காதுகள் திரும்பும், பிறகு கூட்டம் முழுவதும் ஒன்றாக ஓடும்.